கடலுக்கு நடுவே ஒரு சாலை

அமெரிக்காவில் ஆர்.வி. என்று சொல்வது வீட்டோடு சேர்ந்த ஒரு வண்டி. படுக்கக் கட்டில், காஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் 'காம்பிங் கார்' என்பார்கள். நமக்கு இது புதுசு. அவர்களுக்கு நூறு வருஷப் பழக்கம். 1919-ல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். டப்பாவில் அடைத்த சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு, ஃபோர்டு காரோடு கூடாரம் கட்டிக் குளிர்காலத்தை அங்கே கழித்தவர்கள். சங்கத்தின் பெயர் அப்படித்தான் வந்தது.

2023 பிப்ரவரியில் என் மகளும் மாப்பிள்ளையும் இப்படி ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, எங்கள் இரண்டு பேரையும் ஃப்ளோரிடாவின் தென்கோடிக்கு அழைத்துப் போனார்கள். அந்தச் சாலைக்கு ஓவர்சீஸ் ஹைவே என்று பெயர். கரையிலிருந்து கீ வெஸ்ட் வரை 113 மைல், 42 பாலங்கள். நம் ஈ.சி.ஆரில் சென்னை போனால் ஒரு பக்கம்தான் கடல். இங்கே இரண்டு பக்கமும் கடல், பல இடத்தில் சாலையைத் தவிர வேறு மண்ணே கிடையாது. 'கீ' என்றால் சாவி இல்லை. ஸ்பானிஷ் மொழியில் 'கயோ' என்றால் குட்டித் தீவு, அது ஆங்கிலக்காரன் வாயில் 'கீ' ஆயிற்று. புதுச்சேரித் தெருப் பெயர்கள் படும் பாட்டைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

சாலைக்கு முன்னால் அங்கே இருந்தது ரயில். ராக்ஃபெல்லரோடு சேர்ந்து எண்ணெய் வியாபாரத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்த ஹென்றி ஃப்ளாக்லர், 1896-ல் மயாமி வரை ரயில் கொண்டு வந்தார். 1905-ல், எழுபத்தைந்து வயதில், அதைக் கடலுக்குள் நீட்ட ஆரம்பித்தார். நம் வயதில் மொட்டை மாடிக்கு ஓடு போடவே யோசிக்கிறோம். தண்ணீருக்குள் நிற்கும் தூண்களுக்கு ஜெர்மனியிலிருந்து சிமெண்ட் வந்தது. 1906-ல் வந்த புயலில் மிதக்கும் படகு வீடுகளில் தங்கியிருந்த தொழிலாளர்கள் நூறு பேருக்கு மேல் போனார்கள். 1909, 1910 என்று மறுபடியும் புயல். மனிதர் விடவில்லை. 1912 ஜனவரி 22-ஆம் தேதி, 82 வயதில், கண் பார்வை மங்கிய நிலையில், தன் சொந்த ரயில் பெட்டியில் கீ வெஸ்ட் வந்து இறங்கினார். அடுத்த வருஷம் காலமானார்.

நடுவழியில் லாங் கீ என்ற தீவில் ரயில் கம்பெனியே ஒரு மீன்பிடி முகாம் நடத்தியது. கௌபாய் நாவல்கள் எழுதிய ஸேன் க்ரே அங்கே வருஷா வருஷம் வந்து தூண்டில் போட்டவர், அங்கிருந்த மீன்பிடி சங்கத்துக்கு முதல் தலைவரும் அவரே. பணக்காரர் பொழுதுபோக்குதான். ஆனால் மீன் பிடிக்கவே ஒரு ஊருக்குப் போகலாம் என்ற பழக்கம் அந்தப் பக்கத்தில் பரவியதில் இந்த முகாமுக்குப் பெரிய பங்கு உண்டு.

1928-ல் கார்களுக்கும் ஒரு சாலை வந்தது. முழுச் சாலை அல்ல. நடுவில் சுமார் 40 மைல், காரைப் படகில் ஏற்றித்தான் போகவேண்டும். அந்த இடைவெளியைப் பாலம் போட்டு அடைக்க 1934, 35-ல் கொண்டுவரப்பட்டவர்கள் யார் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

புதுச்சேரியில் பழைய ஆட்களுக்கு 'சொல்தா' என்றால் விளக்க வேண்டாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, மாதம் தவறாமல் பிரான்சுப் பென்ஷன் வாங்கியவர்கள். அமெரிக்கச் சொல்தாக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் உலகப் போரில் சண்டை போட்டவர்களுக்கு 1924-ல் போனஸ் பத்திரம் கொடுத்தார்கள். பணம் 1945-ல்தான் என்று எழுதியிருந்தது. 1932-ல் நாடு பஞ்சத்தில் கிடந்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் வாஷிங்டன் போய், அந்தப் பணத்தை இப்போதே கொடு என்று கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ராணுவத்தை விட்டே அவர்களை விரட்டினார்கள். கூடாரங்கள் எரிந்தன. அடுத்து வந்த அரசு, இவர்கள் தலைநகரில் நடமாடினால் தொல்லை என்று நினைத்ததோ என்னவோ, வேலை கொடுத்து இந்தத் தீவுகளுக்கு அனுப்பியது. தங்க மெல்லிய குடிசைகளும் கூடாரங்களும்தான்.

1935 செப்டம்பர் 2, திங்கட்கிழமை. அவர்கள் ஊரில் தொழிலாளர் தினம், விடுமுறை. அன்று வந்த புயலில் காற்றழுத்தம் 892 மில்லிபார் வரை இறங்கியது. அமெரிக்கக் கரையைத் தொட்ட புயல்களில் அவ்வளவு கீழே இறங்கியது வேறில்லை. முகாமில் இருந்தவர்களை ஏற்றிவர மயாமியிலிருந்து ஒரு ரயில் வரவேண்டும். மதியம் கேட்ட ரயில் மாலை 4.25-க்குக் கிளம்பியது. விடுமுறைப் படகுகள் போவதற்காகத் திறந்திருந்த பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றது. திரும்பி வரும்போது வசதியாக இருக்கட்டும் என்று ஹோம்ஸ்டெட்டில் எஞ்சினைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டியதில் கொஞ்ச நேரம். அப்புறம் காற்றில் தொங்கிய ஒரு இரும்புக் கம்பிக் கயிறு எஞ்சினில் சிக்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. எட்டு மணி தாண்டி இஸ்லமொராடா வந்து சேர்ந்தபோது கடலும் சேர்ந்து வந்தது. பெட்டிகள் அத்தனையும் புரண்டன. எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. செத்தவர்கள் நானூறுக்கும் மேல்; பாதிக்கு மேல் சொல்தாக்கள். விடுமுறைக்கு மயாமி போயிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

கீ வெஸ்டில் அப்போது குடியிருந்த எழுத்தாளர் ஹெமிங்வே படகில் வந்து பிணங்களைப் பார்த்துவிட்டு, இவர்களைப் புயல் மாதத்தில் இங்கே வைத்தது யார் என்று ஒரு இடதுசாரிப் பத்திரிகையில் கேட்டு எழுதினார். அரசின் முதல் விசாரணை அறிக்கை அவசரமாக வந்தது: இது தெய்வச் செயல், யார் மேலும் குற்றமில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசுக் கோப்புகளோடு இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். புயல் தெய்வச் செயல்தான். ரயில் கேட்பதற்கு இன்னொரு தகவல் வரட்டும் என்று காத்திருந்தது தெய்வச் செயல் அல்ல. வானிலைச் செய்தி ஞாயிற்றுக்கிழமையே வந்தது. ஞாயிறன்றே ரயிலை வரவழைத்து, புயல் திசை மாறிப் போயிருந்தால், வீண் செலவு ஏன் என்று மேலிருந்து ஒரு மெமோ வரும். அந்த மெமோவுக்குப் பயப்படாத குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. அவர்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. புரிவதால் மன்னிக்க முடிகிறது என்று அர்த்தமில்லை.

இஸ்லமொராடாவில் சாலை ஓரமாகவே நினைவுச்சின்னம் இருக்கிறது. 1937-ல் வைத்தது. பவளக் கல்லில் அலையும், காற்றில் வளைந்த தென்னை மரங்களும். கீழே பலருடைய சாம்பல். நம் கடற்கரைச் சாலையில் பெயர்கள் பொறித்த போர் நினைவகம் இருக்கிறதே, அந்தக் கம்பீரம் இதற்கு இல்லை. என் மனைவி அங்கே நின்றபடி, "தனுஷ்கோடி மாதிரியே இருக்குங்க" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். 1914-ல் திறந்த பாம்பன் பாலம், 1964 டிசம்பரில் பயணிகளோடு போன ரயில். வித்தியாசம் என்னவென்றால், நாம் பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டோம். அவர்கள் ரயிலையே விட்டுவிட்டார்கள். கம்பெனி ஏற்கெனவே திவாலான நிலை. பாதையையும் பாலங்களையும் 6,40,000 டாலருக்கு மாநில அரசிடம் விற்றுவிட்டது.

அந்த ரயில் பாலங்கள் மேலேயே தளம் போட்டு 1938-ல் சாலை திறந்தார்கள். பழைய தண்டவாளங்களைக் கைப்பிடிக் கம்பியாக வைத்தார்கள். பாஹியா ஹோண்டாவில் பாலத்தின் உள்ளே அகலம் போதவில்லை. இரும்புச் சட்டத்தின் முதுகின் மேலே சாலை போட்டார்கள். அதை இன்றும் பார்க்கலாம், நடுவில் வெட்டி விட்டிருக்கிறார்கள். சுங்கக் கட்டணம் 1954 வரை இருந்தது. நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே வருஷம்.

1980 வாக்கில் புதுப் பாலங்கள் கட்டினார்கள். பழையவற்றில் பலவற்றை இடிக்காமல் தூண்டில் போடுகிறவர்களுக்கு விட்டுவிட்டார்கள், லாங் கீ பாலத்தையும் சேர்த்து. எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த காரியம் இதுதான். 1952 புயலில் போன நம் பழைய துறைமுகப் பாலத்தில் இப்படி ஒரு இருநூறு அடியாவது மிச்சம் இருந்திருந்தால் எத்தனை பேர் மாலையில் உட்கார்ந்திருப்பார்கள்! அங்கே வண்டியைச் சாலை ஓரம் நிறுத்திவிட்டு, கியூபாக்காரர், கறுப்பர், வெள்ளைக்காரர் என்று எல்லோரும் வாளியோடு வருகிறார்கள். லைசென்ஸ் வேண்டும். அளவுகோல் வைத்து மீனை அளந்து, குட்டையாக இருந்தால் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு மாட்டியது நம் சங்கரா ஜாதியில் இரண்டு. பக்கத்திலேயே ஒரு கூழைக்கடா பங்கு கேட்டு நின்றது.

பழைய ஏழு மைல் பாலத்தில் முதல் இரண்டு மைல் சொச்சத்தைச் செப்பனிட்டு 2022-ல் நடக்கத் திறந்திருக்கிறார்கள். வண்டி போக முடியாது. பாதி தூரம் நடந்து, முழங்கால் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிட்டேன். பேரன் கடைசி வரை போய்ப் படம் எடுத்து வந்தான். அங்கே பிஜன் கீ என்ற சின்னத் தீவில், ஃப்ளாக்லரின் ஆட்கள் தங்கிய மர வீடுகள் இன்னும் நிற்கின்றன.