மூன்று ஸ்ரார்ட்டுக்குப் பெற்றோல்

நான் வாழும் ஆங்கிலேய நகரத்துக்கு வெளியே ஒரு பழைய பண்ணைக் கொட்டகை இருக்கிறது. சனிக்கிழமைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே கூடுவோம். ஆளுக்கொரு பழைய வாகனம், அந்த வாகனத்துக்கொரு தீராத வருத்தம். என்னுடையது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். பிரித்தானியாவில் நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு 2018 முதல் வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. அதனால் ஒருவர் காரின் பிரேக்கை இன்னொருவர் பார்ப்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். தேநீரும் உண்டு. வேலை முடிவதுதான் அபூர்வம்.

இரண்டு மாரிக்கு முன்னால் எங்கள் கூட்டத்தில் மூத்தவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சாம்பல் நிறப் பேர்குசன் உழவு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். வாத்தியார் என்றே அவரை இங்கே குறிப்பிடுகிறேன். அந்த இயந்திரத்துக்கு இரண்டு தாங்கி. சின்னதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒரு குழாய்த் திருகைத் திருப்பினால் மண்ணெண்ணெயில் ஓடும். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் பெற்றோலுக்கு வரி அதிகம் என்பதால் விவசாயிகளுக்காக இப்படிச் செய்தார்கள். வாத்தியார் இதையெல்லாம் விளக்கியபடியே திருகைத் திருப்பினார்.

புகை வந்தது. அந்த மணம் வந்ததும் நான் கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது, மணம் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார்கள். ஒத்துக்கொள்ளாமலில்லை, நான் வளர்ந்த ஊர் ஐந்து வருடம் இந்த மணத்தில்தான் ஓடியது என்றேன். வாத்தியார் உழவு இயந்திரங்களைச் சொல்கிறேன் என்று நினைத்தார். இல்லை, கார்கள், வான்கள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் என்றபோது அவர் மரியாதையாகத் தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. இந்தக் கட்டுரை முதலில் அவருக்குச் சொன்ன பதில்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியாவுக்குக் கடன், டொலர் தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கே உருக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டது. அப்படிக் கப்பலேறிய கார்களில் பல இலங்கையிலும் இறங்கின. இடப்பக்கம் ஓடும் நாடு, வலப்பக்கச் சுக்கான். எதையும் மாற்ற வேண்டியதில்லை. மொறிஸ் மைனர் 1948இல் வெளியானது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கடைசி நேரத்தில் மாதிரிக் காரை நடுவால் வெட்டி நான்கு அங்குலம் அகட்டச் சொன்னார் என்பது பிரபலமான கதை. பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த வெட்டின் தழும்பு. ஒஸ்ரின் நிறுவனம் 1947இல் ஏ-40 டெவனையும் 1952இல் ஏ-40 சோமர்செட்டையும் விட்டது. அதே 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாகி, ஒஸ்ரினின் சின்ன 803 சிசி எஞ்சின் மைனருக்குள் வந்தது.

யாழ்ப்பாணத்தில் இவற்றை வாங்கியவர்கள் டொக்டர்கள், புறக்டர்மார், புகையிலை வியாபாரிகள், மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பென்சனியர்கள். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருக்கும் காரைத் திருத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இலங்கையின் பழைய கார் மெக்கானிக்குகளை உருவாக்கியது அந்தப் பதினைந்து பதினாறு வருடங்கள்தான் என்பது என் எண்ணம். இது தெற்குக்கும் வடக்குக்கும் பொது.

எங்கள் அப்பாவின் கார் 1953ஆம் ஆண்டுச் சோமர்செட். ஒரு புறக்டர் குடும்பத்திடமிருந்து வாங்கி, ஹயர் ஓடினார். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. 1957இல்தான் வாகனத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்து, தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து, தமிழ் ஸ்ரீ பொறித்துக் கார் ஓடியவர்கள் சிறைக்குப் போனார்கள். எங்கள் கார் அதற்கு முந்தியது. "இது சண்டைக்கு முதல் பிறந்தது" என்பார் அப்பா. எங்களில் எவருக்கும் இல்லாத பாக்கியம்.

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியது. குடாநாட்டுக்குப் பெற்றோல் தடை, பற்றறி தடை. மின்சாரமும் போயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது, அதற்கும் வரிசை. இங்கேதான் ஒரு விசித்திரம் நடந்தது. 1977க்குப் பிறகு வெளிநாட்டுக் காசில் வாங்கிய ஜப்பான் கார்கள் எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொன்றாக ஓலைக் கொட்டிலுக்குள் ஒதுங்கின. கோழி அடைகாத்த ஒரு காரை நானே பார்த்திருக்கிறேன். வளவின் மூலையில் கிடந்த ஏ-40களும் மைனர்களும் வெளியே வந்தன.

காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்ரனில் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் போடும். சோமர்செட்டில் அழுத்த விகிதம் 7.2க்கு ஒன்று. போர்க்காலத்து மட்டமான பெற்றோலை மனதில் வைத்துச் செய்த எஞ்சின் அது. மைனரின் எஞ்சினிலோ காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டபடி. அந்தச் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவும். ஆங்கிலேயக் குளிருக்காகச் செய்த ஏற்பாடு எங்கள் தடைக்குப் பயன்பட்டது.

எங்கள் சந்தியில் கராஜ் வைத்திருந்த அண்ணை இந்த விகிதங்களைப் படித்தவர் அல்ல. கையால் கண்டுபிடித்தவர். பெற்றோல் தாங்கிக்கு மண்ணெண்ணெய். பொனற்றுக்குக் கீழே சேலைன் போத்தல் ஒன்று தலைகீழாகத் தொங்கும். அதில் ஸ்ரார்ட்டுக்கு மட்டும் பெற்றோல். எரிபொருள் போகும் செப்புக் குழாயைப் புகைக் குழாயின் அருகே சுருளாக வளைத்துவிடுவார், மண்ணெண்ணெய் சூடேறிக் காபரேற்றருக்குப் போகும். பிளக்கை இரண்டு நாளுக்கொருமுறை கழற்றிச் சுரண்ட வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும், ஒயில் தண்ணீராகிவிடும். அண்ணை அளவுக்கோலில் தொட்டு விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு கிழமை தாங்கும்" என்பார். தாங்கியில் ஒழுக்கு என்றால் சவர்க்காரம் அப்புவது. சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு, அம்மாவிடம் கேட்டுத்தான் அப்பா எடுப்பார்.

பற்றறி சாகும்போது இந்தக் கார்களின் இன்னொரு குணம் தெரிந்தது. முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றலாம். ஸ்ராட்டரைச் சுற்ற வலுவில்லாத பற்றறிக்கும் பொறி அடிக்கிற அளவு உயிர் இருந்தால் போதும். மைனருக்கு எரிபொருள் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. அதுவும் அடிக்கடி பிடித்துக்கொள்ளும், ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஏ-40இல் பம்பை எஞ்சினே ஓட்டும். அதனால் எங்கள் ஊரில் ஏ-40 தான் ராசா. மைனர்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானே இப்போது மைனர்காரன், ஆனாலும் உண்மை உண்மைதான்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தது. எனக்குப் பதினேழு வயது. சோமர்செட்டுக்குள் அப்பம்மா, அம்மா, தங்கைகள், பக்கத்து வீட்டுக்காரர், அவர்களின் தையல் மெசின். செம்மணியிலிருந்து நாவற்குழிப் பாலம்வரை வீதி முழுக்கச் சனம். மழை வேறு. சேலைன் போத்தலில் மூன்று ஸ்ரார்ட்டுக்குப் பெற்றோல் இருக்கிறது என்று வீட்டிலேயே அப்பா கணக்குச் சொல்லியிருந்தார். வீட்டில் ஒன்று போயிற்று. இனி இரண்டு.

நின்றபடி எஞ்சினை ஓடவிட்டால் மண்ணெண்ணெயில் பிளக் கறுத்துவிடும், தண்ணீரும் கொதிக்கும். நிறுத்தினால் ஒரு ஸ்ரார்ட் போய்விடும். ஒரு மணித்தியாலத்தில் நூறு யார் நகர்ந்திருப்போமோ தெரியாது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, "இறங்குங்கோ, தள்ளுவம்" என்றார். அப்பம்மாவைத் தவிர எல்லோரும் இறங்கினோம். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் சைக்கிளைக் கார்க் கூரையில் சாத்திப் பிடித்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து தள்ளினார்கள். விடியும்போது பாலம் தாண்டியிருந்தோம். இரண்டாவது ஸ்ரார்ட்டில் சாவகச்சேரி போனோம். மூன்றாவதை அப்பா பதினொரு நாள் வைத்திருந்தார். அப்பம்மாவுக்கு மூச்சு முட்டிய இரவில்தான் அதைச் செலவழித்தார். கார் ஒரே சுற்றில் எடுத்தது. அப்பம்மா இன்னும் நான்கு வருடம் இருந்தா.

இதைச் சொல்லி முடித்தபோது கொட்டகையில் தேநீர் ஆறிப்போயிருந்தது. வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவர் ஒரு பழைய சஞ்சிகையோடு வந்தார். பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவரைப் பற்றிய கட்டுரை. காரை எறியாமல் திருத்தித் திருத்தி வாழ்நாள் முழுக்க ஓட்டலாம் என்று 1982இல் புத்தகமே எழுதியவர். 1990களின் தொடக்கத்தில் அவர் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து இலங்கையில் ஒரு தொழிற்சாலை அமைத்தார். மைனருக்கான தகடுகளும் உதிரிப்பாகங்களும் அங்கே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்குக் கப்பலேறின. "உன் காரின் முன் மட்கார்ட்டும் அங்கே செய்ததாக இருக்கலாம்" என்றார் வாத்தியார்.

நான் மட்கார்ட்டைத் தடவிப் பார்த்தேன். எங்கள் அண்ணை ஒரு பிளக்குக்கு வழியில்லாமல் பழையதைச் சுரண்டிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அதே தீவின் மறுபக்கத்தில் யாரோ ஒரு தொழிலாளி இதே காருக்குப் புதிய தகடு அடித்து, இங்கிலாந்துக்குப் பெட்டியில் போட்டிருக்கிறார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல வேலைக்காரராய்த்தான் இருந்திருப்பார். ஆனால் மைனரைப் பற்றி நான் வாசித்த புத்தகங்களில் அந்தத் தொழிற்சாலை வருகிறது. சேலைன் போத்தல் எதிலும் வரவில்லை. தொழிற்சாலைக்குக் கணக்குப் புத்தகம் உண்டு. கராஜில் கரித்துண்டால் சுவரில் எழுதிய கணக்கு, சுவரோடு போயிற்று.

ஆகவே அண்ணைக்கு அழைப்பெடுத்தேன். எழுபத்தெட்டு வயது, மகளோடு ஊரில் இருக்கிறார். "அதை ஏன் தம்பி எழுதுறாய்? அது பட்ட பாடு. படிச்ச பாடமில்லை" என்றார். பிறகு, நான் செப்புக் குழாயை ஐந்து சுருள் என்று சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "ஆர் சொன்னது அஞ்சு? மூண்டுக்கு மேலை போனால் குழாய்க்குள்ளையே கொதிச்சு அடைக்கும். உன்ரை கொப்பற்றை காருக்கு ரெண்டரை." அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பேசுகிறோம். அப்பியாசக் கொப்பி ஒன்று பாதி நிரம்பிவிட்டது.

போன வைகாசியில் கொட்டகை ஆட்கள் விடவில்லை; செய்து காட்டு என்றார்கள். மண்ணெண்ணெயில் வீதியில் ஓடினால் எரிபொருள் வரிச் சட்டம் பிடிக்கும், ஆகவே முற்றத்தில் மட்டும். சேலைன் போத்தலுக்குப் பதில் பழரசப் போத்தல். இரண்டரைச் சுருள். அண்ணை வீடியோ அழைப்பில், சாரத்தோடு, சாய்மனைக் கதிரையில். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கைபேசியைப் பிடித்தாள். பெற்றோலில் எடுத்து, சூடானதும் மாற்றினேன். வெள்ளைப் புகை. எஞ்சின் ஓடியது, ஆனால் தட்டும் சத்தம். என் மைனரில் இருப்பது 948 சிசி எஞ்சின், அழுத்தம் 8.3. அண்ணைக்கு நான் இதைச் சொல்லவில்லை.

"பொறு, பொறு. உது ஏ-40 இல்லை" என்றார் அவர் ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து. "ரைமிங்கைப் பின்னுக்கு எடு. அந்த வெள்ளைக்கார ஐயாவைப் பிடிக்கச் சொல்லு, நீ திருப்பு."

மொழிபெயர்க்க முதலே வாத்தியார் டிஸ்ரிபியூட்டரில் கை வைத்திருந்தார்.