திரைச்சீலை தலையணையான வீடு

ஒரு பயணத்தை முடித்துக்கொண்டு நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குத் திரும்பினார்கள். அவர்கள் ஊரில் இல்லாத நாள்களில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் அறையைச் சற்று அழகுபடுத்தி வைத்திருந்தார்கள். பண்டங்கள் வைக்கும் மாடத்தின் முன்னே உருவங்கள் நெய்யப்பட்ட திரைச்சீலை ஒன்று தொங்கிற்று. அதைக் கண்டதும் நபியவர்களின் முகம் நிறம் மாறியது. அன்னையார் திரையைக் கழற்றினார்கள். கழற்றிய துணியை எறிந்துவிடவில்லை. வெட்டித் தைத்து, ஒன்றோ இரண்டோ தலையணைகளாக ஆக்கிக்கொண்டார்கள். பிறகு நபியவர்கள் அவற்றின் மீது சாய்ந்து அமர்ந்தார்கள்.

புகாரியிலும் முஸ்லிமிலும் பல வழிகளில் பதிவாகியுள்ள இச்செய்தி, பெரும்பாலும் உருவப்படங்கள் பற்றிய சட்டத்தை விளக்கவே மேடைகளில் எடுத்துச் சொல்லப்படுகிறது. அது முறையே. ஆயினும் இதன் பிற்பகுதி யார் கண்ணிலும் அதிகம் படுவதில்லை. வேண்டாம் என்று ஆகிவிட்ட ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஓர் இல்லத்தரசி எண்ணிப் பார்த்த கணம் அது. இன்று பழைய சேலையைத் திண்டு உறையாகத் தைப்பவளை, கால் ஆடும் நாற்காலிக்கு ஆணி அடித்துச் சாயம் பூசுபவளை, உறவினர் கூட்டத்தில் கஞ்சம் என்று கேலி பேசுகிறோம். அதே கூட்டத்தில், மகளின் திருமணத்துக்குக் கட்டிலும் பீரோவும் ஸோஃபாவும் வாங்க வட்டித் தவணையில் கையெழுத்திட்ட தகப்பனார் தலை குனிந்து அமர்ந்திருப்பார். அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே, முதல் தலைமுறை முஸ்லிம்களின் வீட்டுக்குள் என்ன இருந்தது, அது எப்படி வந்தது, எப்படி மாறியது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

அன்றைய மதீனாவின் வீடு, அந்த மண்ணில் கிடைத்ததைக் கொண்டு எழுந்தது. சுவருக்கு வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல். தூணுக்கும் உத்தரத்துக்கும் பேரீச்ச மரத்தண்டு. கூரைக்கு மட்டையும் ஓலையும். மக்காவில் கூரைக்கு 'இத்கிர்' என்னும் மணமுள்ள புல்லும் பயன்பட்டது. மக்காவின் புனித எல்லைக்குள் செடிகொடிகளை வெட்டக்கூடாது என்று அறிவிக்கப்பட்டபோது, கொல்லர்களுக்கும் வீடுகளுக்கும் தேவைப்படும் அந்தப் புல்லுக்கு மட்டும் விலக்குத் தருமாறு அப்பாஸ் (ரலி) அவர்கள் கேட்டார்கள், விலக்கும் கிடைத்தது. ஒரு புல்லின் மேல் இத்தனை அக்கறை ஏன் என்று வியக்கலாம். கூரையும் உலையும் அதை நம்பியிருந்தன என்பதே விடை.

தலையணைக்குள் திணிக்கவும் இதே புல் உதவியது. ஃபாத்திமா (ரலி) அவர்கள் மணமுடித்துச் சென்றபோது உடன் கொண்டுசென்றவற்றை ஓர் அறிவிப்பு மூன்றே பொருள்களில் முடித்துவிடுகிறது: ஒரு போர்வை, ஒரு தோல் நீர்ப்பை, இத்கிர் புல் அடைத்த ஒரு தோல் தலையணை. வேறோர் அறிவிப்பு திரிகைக் கற்களையும் மண்குடங்களையும் சேர்த்துச் சொல்கிறது. மணமகன் அலீ (ரலி) அவர்கள் மஹராக அளித்தது தம் கவசத்தை. பெண் வீட்டாரிடம் சீர்ப் பட்டியல் நீட்டும் நம் வழக்கத்துக்கு இதில் எந்த மூலமும் இல்லை என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

நபியவர்களின் படுக்கை தோலால் ஆனது. உள்ளே பேரீச்ச நார். தென்னை மட்டையின் அடியில் நாம் காணும் பன்னாடையைப் போலவே பேரீச்ச மட்டையின் அடியிலும் நார் படர்ந்திருக்கும். மரத்திலிருந்து உரித்தால் போதும், விலை கொடுக்க வேண்டியதில்லை. தோலுக்கும் வெளியே அலைய வேண்டியதில்லை. நபியவர்களின் மனைவியருள் ஒருவரான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையாலேயே தோலைப் பதனிட்டுத் தைப்பவர். அதில் கிடைத்ததைத் தர்மம் செய்தவர். நபியவர்களும் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள், ஆடையின் கிழிசலைத் தாமே ஒட்டுப் போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். ஊசியும் நூலும் அந்த வீட்டில் ஆண் கைக்கும் பெண் கைக்கும் பொதுவாக இருந்தன.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் கவர்ந்தது ஒரு பாய். இரவில் நபியவர்கள் அதைத் தடுப்பாக நிறுத்தி, அதற்குள் நின்று தொழுவார்கள். விடிந்தால் அதே பாய் தரையில் விரிக்கப்படும், அதன்மேல் அமர்வார்கள். ஒரே பொருள் இரவில் அறை, பகலில் இருக்கை. இன்னொரு பாயும் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) நபியவர்களை விருந்துக்கு அழைத்தார். உணவு முடிந்ததும் அந்த வீட்டாரோடு தொழ நபியவர்கள் விரும்பினார்கள். வீட்டில் இருந்ததோ நெடுங்காலம் புழங்கிக் கறுத்துப் போன பாய். சிறுவர் அனஸ் அதன்மீது தண்ணீர் தெளித்துத் துடைத்து விரித்தார். அவ்வளவுதான் ஏற்பாடு. விருந்தினருக்காகப் புதுப் பாய்க்கு யாரும் ஓடவில்லை. பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைக் கிழித்து நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் நெய்யும் பாயை அறிந்தவர்களுக்கு, பாயை நம்பி ஒரு வீடு நடப்பது விளக்கம் தேவைப்படாத செய்தி.

இங்கே ஒரு கேள்வி எழும். இதெல்லாம் வெறும் ஏழ்மைதானே? கையில் காசில்லாதவர் பழையதை ஒட்டுப் போடுவதில் என்ன வியப்பு? நியாயமான கேள்வி. ஆனால் காலவரிசையைப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதாக இல்லை.

ஹிஜ்ரி 7 ஆம் ஆண்டில் கைபர் வெற்றி கொள்ளப்பட்டது. அதன் விளைச்சலிலிருந்து நபியவர்கள் தம் மனைவியருக்கு ஆண்டுதோறும் 100 வஸ்க் வழங்கினார்கள்; 80 வஸ்க் பேரீச்சம்பழம், 20 வஸ்க் வாற்கோதுமை. ஒரு வஸ்க் என்பது 60 ஸாவு. ஆக, பசி மட்டுமே ஆண்ட நாள்கள் கடந்துவிட்டன. அதன் பின்னர்தான் நபியவர்கள் ஒரு மாதம் மனைவியரிடமிருந்து விலகி மாடி அறையில் தனித்திருந்தார்கள். அதற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. வீட்டுச் செலவுக்குக் கூடுதலாகக் கேட்டது அவற்றுள் ஒன்று. ஊரில் செல்வம் புழங்கத் தொடங்கியபோது, நம் வீட்டுக்கும் கொஞ்சம் வரட்டுமே என்று கேட்டதை இயல்புக்கு மாறானது என்று யார் சொல்வார்?

அந்த மாடி அறைக்கு உமர் (ரலி) அவர்கள் ஏறிச் சென்றார்கள். பேரீச்ச மரத்தண்டே ஏணி. உள்ளே நபியவர்கள் வெறும் பாயில் படுத்திருந்தார்கள். பாயின் கோடுகள் விலாவில் பதிந்திருந்தன. தலைக்கு நார் அடைத்த தோல் தலையணை. ஓரத்தில் சிறிது வாற்கோதுமை, தோல் பதனிட உதவும் இலைக் குவியல், தொங்கும் தோல். உமர் அழுதுவிட்டார்கள். பாரசீக, ரோமானிய மன்னர்கள் எப்படியெல்லாம் வாழ்கிறார்கள் என்று கூறினார்கள். அவர்களுக்கு இவ்வுலகமும் நமக்கு மறுமையும் என்பதில் உமக்கு நிறைவில்லையா என்ற பொருளில் நபியவர்கள் விடை தந்தார்கள். பின்னர் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 28, 29 ஆம் வசனங்களின்படி மனைவியருக்கு விருப்பத் தேர்வு வழங்கப்பட்டது. உலக வசதிகளோடு அழகிய முறையில் பிரிந்து செல்லலாம், அல்லது இந்த வீட்டிலேயே இருக்கலாம். முதலில் கேட்கப்பட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், இதில் பெற்றோரைக் கலந்தாலோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களும் இருப்பதையே தேர்ந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு அந்த அறைகளின் எளிமையை ஏழ்மை என்று அழைக்க முடியாது.

எளிமை என்றால் அழகையே வெறுத்தார்கள் என்றும் பொருளில்லை. இதைச் சொல்ல ஜாபிர் (ரலி) அவர்களின் வீட்டுக்குள் செல்ல வேண்டும். தந்தையார் உஹதில் ஷஹீதானார்; விட்டுச் சென்றவை கடனும், வளர்க்க வேண்டிய பெண்மக்களும். அந்தத் தங்கைகளைப் பராமரிக்கவென்றே வயதிலும் அனுபவத்திலும் மூத்த பெண்ணை ஜாபிர் மணந்தார். அவரிடம் நபியவர்கள், வீட்டில் பூவேலை விரிப்புகள் உண்டா என்று கேட்டார்கள். எங்களிடம் விரிப்புகள் எங்கிருந்து வரும் என்றார் ஜாபிர். இனி அவை வரும் என்றார்கள் நபியவர்கள். வரவும் செய்தன. பிற்காலத்தில் ஜாபிர் தம் மனைவியிடம், உன் விரிப்பை என் கண்ணிலிருந்து அகற்று என்பார். அவை வரும் என்று அல்லாஹ்வின் தூதரே சொல்லவில்லையா என்று மனைவி திருப்பிக் கேட்பார். ஜாபிர் வாயடைத்து விட்டுவிடுவார். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும் இந்த உரையாடல் நம் கூடத்தில் நடப்பதுபோல இல்லையா? வேடிக்கை என்னவென்றால், ஆணுக்கு ஒரு படுக்கை, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்துள்ள புகழ்பெற்ற ஹதீஸை அறிவிப்பவரும் இதே ஜாபிர்தான். தேவைக்கு மிஞ்சிப் பெருமைக்காகச் சேர்ப்பதையே அது சுட்டுகிறது என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் விளக்கியுள்ளனர். விருந்தாளிக்கென்று ஒரு படுக்கை கணக்கில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். தம் வசதியைச் சுருக்கியவர்கள் வந்தவரின் வசதியைச் சுருக்கவில்லை.

அடுத்த தலைமுறையில் இந்த இழுபறி திருமண வீட்டுக்கே வந்து சேர்ந்தது. இப்னு உமர் (ரலி) அவர்களின் மகன் ஸாலிமுக்குத் திருமணம். அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களும் அழைக்கப்பட்டிருந்தார்கள். மதீனாவுக்கு வந்த புதிதில் நபியவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்த அதே அபூ அய்யூப். உள்ளே வந்தவர்கள் சுவர்களைப் பார்த்தார்கள்; பச்சைத் துணி போர்த்தி அலங்கரித்திருந்தார்கள். சுவருக்கா துணி போர்த்துகிறீர்கள் என்று கேட்டார்கள். இப்னு உமர் வெட்கப்பட்டு, பெண்கள் எங்களை வென்றுவிட்டார்கள் என்றார்கள். வேறு யாரை அஞ்சினாலும் உம்மிடம் இதை அஞ்சியிருக்க மாட்டேன் என்று கூறி, உணவருந்தாமலே அபூ அய்யூப் திரும்பிவிட்டார்கள்.

கல்லுக்கும் களிமண்ணுக்கும் ஆடை உடுத்தும்படி நமக்குக் கட்டளையில்லை என்ற கருத்து, ஆயிஷா நாயகியாரின் திரைச்சீலை நிகழ்ச்சியின் ஓர் அறிவிப்பிலேயே வருகிறது. அபூ அய்யூபின் சினத்துக்கு அந்தச் சூழலே பின்னணி. ஆயினும் பழியைப் பெண்கள் மேல் போட்ட இப்னு உமரின் பதில் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. அந்தத் துணியை வாங்கப் பணம் கொடுத்தவர் யாரோ! நம் வீடுகளிலும் அலங்காரச் செலவுக்குப் பெண்களைக் காரணம் காட்டுவது வழக்கம். பெரிய தொலைக்காட்சிப் பெட்டிக்காகச் சுவர் முழுக்க மரப்பலகை அடிக்கச் சொன்னவர் எவர் என்பதை யாரும் கேட்பதில்லை.

ஹிஜ்ரி 88 இல், அதாவது கி.பி. 707 அளவில், கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக்கின் ஆணைப்படி நபியவர்களின் மனைவியர் வாழ்ந்த அறைகள் பள்ளிவாசல் விரிவாக்கத்துக்காக இடிக்கப்பட்டன. பணியை முன்னின்று நடத்தியவர் அப்போது மதீனாவின் ஆளுநராயிருந்த உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்). அவ்வேளையில் அந்த அறைகளைப் பார்த்தவர்கள் விட்டுச்சென்ற விவரங்களை இப்னு ஸஅத் தொகுத்துள்ளார். ஒன்பது வீடுகள். நான்கு பச்சைச் செங்கல்லால் ஆனவை. மற்றவை மட்டைகளின் மேல் மண் பூசியவை. வாசல்களில் கதவுக்குப் பதில் மயிரால் நெய்த முரட்டுத் திரை. ஒருவர் ஒரு திரையை அளந்தும் பார்த்திருக்கிறார்: நீளம் மூன்று முழம், அகலம் ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதல். கூரையின் உயரம் பற்றி ஹஸன் அல்பஸ்ரி (ரஹ்) கூறியது தெளிவானது. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில், சிறுவராக அந்த அறைகளுக்குள் சென்றபோது அவர் கை கூரையைத் தொட்டதாம். இடிக்கும் ஆணை வாசிக்கப்பட்ட நாளில் மதீனாவில் எழுந்த அழுகையைப் போல் வேறெந்த நாளிலும் கண்டதில்லை என்றார்கள். அவற்றை அப்படியே விட்டிருக்கலாம், வருங்காலத்தவர் வந்து பார்த்திருப்பார்கள் என்று ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) ஏங்கினார்.

அறைகள் போயின, ஒரு கிண்ணம் மட்டும் பஸராவில் அனஸ் (ரலி) அவர்களின் வீட்டில் இருந்தது. நல்ல மரத்தில் குடைந்த, அகன்ற கிண்ணம். அதில்தான் நபியவர்களுக்குப் பலமுறை பருகக் கொடுத்ததாக அனஸ் கூறுவார்கள். விரிசல் விட்ட இடம் வெள்ளியால் பிணைக்கப்பட்டிருந்தது. அதில் இரும்பு வளையம் ஒன்றும் உண்டு. அதைக் கழற்றிவிட்டுத் தங்கத்திலோ வெள்ளியிலோ வளையம் மாட்ட அனஸ் ஒருமுறை எண்ணினார்கள். வளர்ப்புத் தந்தை அபூ தல்ஹா (ரலி) அவர்கள் தடுத்தார்கள்: அல்லாஹ்வின் தூதர் செய்து வைத்த எதையும் மாற்றாதே. ஆஸிம் அல்அஹ்வல் (ரஹ்) அந்தக் கிண்ணத்தைப் பார்த்திருக்கிறார். அதில் நீர் பருகியும் இருக்கிறார். வளையம் அப்போதும் இரும்புதான்.