குடி நோயா? ஏழடிப்பட்டத்தில் எழுந்த கேள்வி



"குடி ஒரு நோய். மையத்தில் சேர்த்தால் சரியாகிவிடும்." கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் இதைக் கேட்கிறேன். வரலாற்று வாத்தியாராகப் பார்த்தால், இந்தப் பேச்சுக்கு வயது அதிகமில்லை.

சித்தன்னவாசலுக்கு உங்களை அழைத்துப் போகும்போது, ஓவியங்களை விட ஏழடிப்பட்டத்தில்தான் அதிக நேரம் நிறுத்தி வைப்பேன். ஞாபகம் இருக்கிறதா? வழவழப்பான 17 கல் படுக்கைகள். ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதனுக்காகச் செய்தது. அங்கே தவமிருந்த சமணர்களின் மரபில் இல்லறத்தாருக்கும் மது, ஊன், தேன் மூன்றையும் விடுவது அடிப்படை நோன்பு. குருவின் முன்னால் ஒருவன் தானே எடுக்கும் சபதம் அது. தவறினால் பிராயச்சித்தம் உண்டு, மறுபடி தொடரலாம்.

திருக்குறளைப் புரட்டுங்கள். 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. மருந்து அவ்வளவு பக்கத்தில் இருந்தும், கள்ளுக்குத் தனி அதிகாரம். அதுவும் சூதாட்டத்தை ஒட்டி. எனக்குப் பிடித்த வரிசை அது.

நோய் என்ற பேச்சைப் பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1784இல் எழுதினார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956இல் ஏற்றது. அதனால் நன்மை உண்டு. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம்; அந்த நாட்களுக்கு ஆஸ்பத்திரி கட்டாயம். இதில் எனக்கு வாதமே இல்லை.

அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் என் கேள்வி. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் பின்தொடர்ந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் 100க்கு 5 பேர் அளவில்தான். பெரும்பாலோர் சிகிச்சையே எடுக்கவில்லை. மாறியது இடமும் கூட்டாளிகளும்.

என் மாணவர் ஒருவர், கொத்தனார், இரண்டு முறை மையத்துக்குப் போய் வந்தார். இரண்டு முறையும் அதே தெரு, அதே சாயங்காலம், அதே சேக்காளிகள். மூன்றாவது முறை அக்கா தன் ஊருக்கே கூட்டிப் போய்விட்டார். அங்கேயே வேலை, கூலி அக்கா கையில். நாலு வருஷமாகக் குடியில்லை. மூளை குணமாயிற்று என்பதா, தெரு மாறியது என்பதா?

அரசின் கதை வேறு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அப்போது குடி குற்றம். 2003 முதல் டாஸ்மாக் கடையில் அரசே சில்லறையாக விற்கிறது. இப்போது குடி நோய்! கொசுவையும் வளர்த்து மலேரியா வார்டும் திறந்த மாதிரி.

நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த அதே காலம். 1992இல் ஆந்திராவின் நெல்லூர்ப் பக்கம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள், புருஷன்மாரை எங்கும் சேர்க்கப் போகவில்லை. சாராயக்கடையை மூட வைத்தார்கள். போராட்டம் பரவி, 1993இல் அந்த அரசு சாராயத்தையே தடை செய்தது.

உங்கள் வீட்டில் யாராவது மையத்திலிருந்து திரும்ப இருந்தால், சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் யாரோடு இருப்பார், கூலி யார் கைக்கு வரும் என்பதை இப்போதே பேசி வையுங்கள். என்னிடம் பேச வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். மாலையில் வீட்டில்தான் இருக்கிறேன்.