ஆய்வு நாளில் மட்டும் நல்ல பிள்ளை



ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வரும் நாள் நினைவிருக்கிறதா? "விடை தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்குங்கள், தெரியாதவர்கள் இடது கையைத் தூக்குங்கள்" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். வகுப்பே கை தூக்கியது. அவரும் பாராட்டிவிட்டுப் போனார். இதே வேலையை ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனம் பெரிய அளவில் செய்தது.

அமெரிக்காவில் அது தன் டீசல் கார்களைத் 'தூய டீசல்' என்று விளம்பரம் செய்து விற்றது. சோதனைக்கூடத்தில் நிற்கிறோமா, சாலையில் ஓடுகிறோமா என்பதை வேகம், ஸ்டீயரிங் அசைவு முதலியவற்றைக் கொண்டு காரின் மென்பொருளே கண்டுகொள்ளும். சோதனை என்றால் புகைக் கட்டுப்பாடு முழுதாக வேலை செய்யும். சாலைக்கு வந்தால் குறைந்துவிடும்.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு, அளவீட்டுக் கருவியைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த அர்விந்த் திருவேங்கடம் அதில் ஒருவர். ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு வந்தது. 2014இல் முடிவை வெளியிட்டார்கள்.

நிறுவனம் ஓராண்டுக்கும் மேலாகச் சாக்குச் சொன்னது. 2016ஆம் ஆண்டு மாடல்களுக்கு அனுமதி கிடைக்காது என்ற நிலை வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டது. 2015 செப்டம்பர் 18இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விவரத்தை வெளியிட்டது. அடுத்த இரண்டு வர்த்தக நாட்களில் பங்கு விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி சரிந்தது. தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் அதே வாரம் பதவி விலகினார். உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. 2017இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 280 கோடி டாலர் குற்றவியல் அபராதம் ஏற்றது. இழப்பீடு, வழக்கு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் நுரையீரலுக்குக் கணக்கு எழுத முடியவில்லை.

என் வகுப்பில் இடது கை தூக்கிய பிள்ளைக்கு அன்று வாய்ப்பாடு தெரியாது. ஆய்வு முடிந்த மறுநாளும் தெரியவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

உங்களில் சிலர் இன்று பொறியாளர், சிலர் தணிக்கையாளர். 'பசுமை' என்று எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன், சாலையில் அளந்தது யார் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

நலமாக இருங்கள்.