காற்றில் முதிரும் இலை, காற்றுக்கு அஞ்சும் மீன்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் காயும் மடவைக் கருவாட்டையும், சீனாவின் யுன்னான் மலைகளில் பறித்து முப்பது ஆண்டு கிடங்கில் கிடந்த பச்சைப் பூஏர் தேயிலையையும் ஒரே தராசில் வைப்பது பொருந்தாத காரியமாகத் தோன்றலாம். ஒன்றைச் சந்தையில் கூறு கட்டி விற்கிறார்கள். மற்றதை ஏலத்தில் விடுகிறார்கள். ஒன்றின் வாடை தெருமுனையிலேயே நம்மை எதிர்கொள்ளும். மற்றதன் மணத்தை அறியக் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோக வேண்டும். ஆயினும் இரண்டையும் செய்கிறவர்கள் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடியிருக்கிறார்கள்: கெட்டுப்போவதற்கும் பதப்படுவதற்கும் நடுவே ஒரு பொருளை எங்கே நிறுத்துவது?

இலையிலிருந்து தொடங்குவோம். பறித்த கொழுந்தை வாடவிட்டு இரும்புச் சட்டியில் வாட்டுகிறார்கள். சாதாரணப் பச்சைத் தேயிலைக்குக் காட்டும் அளவுக்குச் சூடு காட்டுவதில்லை. இலைக்குள் இருக்கும் நொதிகளில் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு உருட்டி, வெயிலில் காயவைத்து, ஆவியில் இளக்கித் துணிப்பையில் கட்டிக் கல்லின் கீழ் அழுத்துகிறார்கள். 357 கிராம் வில்லையின் பின்புறத்தில் ஒரு குழி இருக்கும். அது துணிமுடிச்சு பதிந்த தடம்.

மீனுக்கும் இதே அரைகுறைப் பக்குவம்தான். மடவையின் முதுகைப் பிளந்து, குடலையும் செவுளையும் எடுத்து, கல்லுப்பை உள்ளும் புறமும் அப்பித் தொட்டியில் அடுக்குகிறார்கள். ஏறக்குறைய நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. உப்பு நீரை வெளியே இழுத்துவிடுவதால் அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே பிழைக்க முடிவதில்லை. ஆனால் சதையிலேயே இருக்கும் நொதிகள் முழுதாக அடங்குவதில்லை. அவை புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்துக்கொண்டே இருக்கின்றன. பச்சை மடவையில் காணாத அடர்ந்த ருசி கருவாட்டுக்கு வருவது இதனால்தான். உப்பே படாமல் மணலில் காயும் நெத்திலிக்கு அந்த ஆழம் வருவதில்லை என்பது என் அபிப்பிராயம். மொறுமொறுப்பு விரும்புகிறவர்கள் மறுக்கலாம்.

செய்யும் காலத்தில் இரண்டுக்குமே மழை பகை. யுன்னானில் மழைக்கு முந்திய வசந்தகாலக் கொழுந்துக்கே மதிப்பு. மழைக்காலத்து இலைக்கு விலை குறைவு. பழவேற்காட்டில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் காயப்போட்ட மீனை வாரி எடுக்கவே நேரம் சரியாக இருக்கும். இடத்தைப் பற்றிய கறாரிலும் ஒற்றுமை உண்டு. யிவூ மலையின் இலை மென்மையாக இனிக்கும், புலாங் மலையின் இலை கசப்பில் ஓங்கி நிற்கும் என்று தேநீர் பிரியர்கள் வாதிடுவார்கள். இங்கே கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் ஏரியின் எந்த இடத்தில் யார் எப்போது வலை இறக்குவது என்பதைப் 'பாடு' என்ற முறை வகுக்கிறது. முறைவைத்தும் சீட்டுப் போட்டும் இடம் கிடைக்கிறது. முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் அடைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து ஏரித் தண்ணீரின் உப்பு மாறும். உப்பு மாறினால் வலையில் விழுவதும் மாறும்.

இதுவரை சேர்ந்து வந்த இரண்டும் கிடங்கின் வாசலில் பிரிகின்றன. ஒப்பீட்டில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பிரிவுதான்.

பூஏருக்கு ஈரக்காற்று வேண்டும். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் வறண்ட காற்றோடு இருக்கும் குன்மிங்கில் வைத்த வில்லை மிக மெதுவாகவே முதிரும். ஹாங்காங்கின் கடலோரப் புழுக்கத்தில் வைத்தது விரைந்து கனியும். கருவாட்டுக்கோ அதே கடலோரப் புழுக்கம்தான் எமன். காற்றில் ஈரம் ஏறினால் கருவாட்டு உப்பு கசியும், சதை இளகும். உப்பையே விரும்பி வாழும் நுண்ணுயிர்கள் மேலே இளஞ்சிவப்பாகப் படரும்; பழுப்புப் பொடியாகப் பூஞ்சை பூக்கும். அதனால்தான் கருவாட்டை அவ்வப்போது எடுத்து வெயில் காட்டுகிறார்கள். தேயிலை வில்லைக்கு வெயில் காட்டினால் மணம் போய்விடும். ஹாங்காங்கின் ஈரம், பழவேற்காட்டின் ஈரம் இரண்டும் கடல் தருவதே. ஒரு சரக்குக்கு விலை ஏற்றுவது மற்றதைக் குப்பைக்கு அனுப்புகிறது.

ஈரம் மட்டுமல்ல, காற்றும் இரண்டையும் பிரிக்கிறது. அதற்குக் காரணம் கொழுப்பு. மீன் எண்ணெய் காற்றோடு சேர்ந்தால் சிக்கு வாடை எடுக்கும். எண்ணெய் மிகுந்த மத்தியும் கவலையும் முதலில் கெடுவது இதனால். தேயிலையில் அப்படிக் கெட எண்ணெய் ஏறக்குறைய இல்லை. மாறாக, நாக்கைப் பிடிக்கும் கேட்டச்சின்கள் நிறைந்திருக்கின்றன. காற்றும் நுண்ணுயிரும் பட்டு அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய பழுப்பு மூலக்கூறுகளாகின்றன. கசப்பும் துவர்ப்பும் தணிகின்றன, சாறு தடிக்கிறது. மீனை அழிக்கும் அதே ஆக்சிஜன் இலையைச் சாந்தப்படுத்துகிறது.

அப்படிச் சாந்தமான தேநீர் எப்படி இருக்கும்? இளம் பச்சைப் பூஏர் மஞ்சள் பச்சையாக இறங்கும். முதல் மிடறிலேயே கன்னங்களை உள்ளிழுக்க வைக்கும். முப்பது வயதுடையது செம்மரத்துப் பிசின் நிறத்தில் இறங்கும். பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோன்ற வாசம், அதன்மேல் மெல்லிய கற்பூரம், அடியில் உலர்ந்த பேரீச்சையும் மழைக்குப் பிந்திய மண்ணும். அந்தப் பழமை வாசத்தில் பெரும்பங்கு மெத்தாக்ஸிபென்சீன் வகைச் சேர்மங்களுடையது. அவற்றை உண்டாக்குவதில் நுண்ணுயிர்களுக்குக் கை உண்டு. குடித்து முடித்தபின் நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல் தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு ஏறி வரும். கசப்பு முழுதும் போன தேநீரில் இந்த இனிப்பு இராது. கொஞ்சம் கசப்பு மிஞ்சியிருக்க வேண்டும். நல்ல கிடங்குக்காரர் காப்பது அந்த மிச்சத்தைத்தான்.

கருவாட்டின் ருசியும் ஒரு மிச்சத்தில்தான் நிற்கிறது. கவிச்சி முழுதும் போய்விட்டால் அது உப்பிட்ட நார். அதிகமாக மிஞ்சினால் வாயில் வைக்க ஆகாது. இரண்டையும் பழகாதவர் ஒதுக்குவதும் பழகியவர் தேடுவதும் அந்த ஒரே விளிம்பை. பூஏரில் பழுத்த குடிகாரர் 'மண் வாசம்' என்று மெச்சுவதைப் புதியவர் 'பூசணம்' என்பார். சுட்ட வாளைக் கருவாட்டு வாசம் வந்தால் ஒரு வீட்டில் கூடுதலாக உலை வைப்பார்கள், பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

இந்த இரு ருசிகளும் உலகின் இரு மூலைகளில் தனித்தனியே இருப்பதாக நினைக்க வேண்டாம். ஹாங்காங்கின் ஷுங் வான் பகுதியில் உலர்ந்த மீன், இறால், சிப்பி விற்கும் கடைகள் தெருத்தெருவாக உண்டு. பழைய தேயிலை வணிகர்களும் அதே வட்டாரத்தில்தான். உப்பிடுவதற்கு முன் மீனைச் சற்றே பதம் மாறவிட்டு, சதை குழைந்த உப்புமீனாக்கும் கலையில் தேர்ந்தவர்கள் கான்டன் மக்கள். பூஏரை முதுமைக்காகவே தேடிக் குடிக்கும் பழக்கமும் அவர்களிடம்தான் வேரூன்றியது. ஒரே நாக்கு இரண்டையும் கற்றிருக்கிறது. ஆனால் சரக்கை ஒன்றாக வைக்க மாட்டார்கள். தேயிலை அண்டை வாடை எதையும் இழுத்துக்கொள்ளும். பழவேற்காட்டுக்கும் தேயிலைக்கும் தொலைவான ஒரு தொடர்பு உண்டு: 1613இல் இங்கே கெல்த்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்த டச்சுக் கம்பெனி, ஐரோப்பாவுக்கு முதன்முதலில் தேயிலையை ஏற்றிச் சென்ற நிறுவனங்களில் ஒன்று. அது பூஏர் அன்று.

மதிப்பிடும் முறையில் மீண்டும் வேற்றுமை. பூஏர் சந்தையில் உறையைப் படிக்கிறார்கள். மெங்ஹாய் ஆலையின் 7542 என்ற எண்ணில் 75 என்பது செய்முறை உருவான 1975ஐயும், 4 இலைத் தரத்தையும், 2 ஆலையையும் குறிக்கும். வில்லையின் வயது அதில் இல்லை. அந்தச் செய்முறையில் 1980களின் இறுதியை ஒட்டி அழுத்தி, ஹாங்காங்கில் ஈரம் மிகாத கிடங்கில் வைத்த வில்லைகள் '88 சிங்' என்று புகழ்பெற்றன. புகழ் வந்ததும் போலி உறைகளும் வந்தன. 2007இல் பூஏர் விலை கண்மண் தெரியாமல் ஏறிச் சரிந்தபோது, வாங்கியவர்களில் பலர் குடிப்பதற்கு வாங்கியவர்கள் அல்லர். கருவாட்டுக்கு உறையில்லை, ஆண்டில்லை. கருவாட்டுக்காரம்மா வாலை வளைத்துப் பார்ப்பார், வயிற்றோரம் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார், விரலால் அழுத்தி முகர்வார். வாங்குகிறவரும் அதையே செய்வார். பொருளையே சாட்சியாக வைக்கும் இந்த முறை உறையைப் படிப்பதைவிட நேர்மையானது என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டு கழித்து விற்கும் சரக்குக்கு ஏதோ ஒரு தேதி தேவைப்படும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுப்பங்கரைக்கு வந்ததும் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. வில்லையிலிருந்து ஊசியால் நெம்பி எடுத்த ஏழு கிராம் இலையின் மேல் கொதிநீர் ஊற்றி, அந்த முதல் நீரைக் குடிக்காமல் கொட்டிவிடுகிறார்கள். கிடங்குத் தூசி போகும், இலை விரியும். கருவாட்டையும் வெந்நீரில் போட்டு அந்த முதல் நீரைக் கொட்டுகிறோம். மணல் போகும், உப்பு தணியும், சதை இளகும். அதற்குப் பிறகு இலை பத்துத் தடவைக்கு மேலும் சாறு தரும். கருவாடு கத்தரிக்காயும் புளியும் சேர்ந்து ஒரே குழம்பாகும்.

ஆனால் அந்தக் குழம்பைப் பற்றி நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு: அது மறுநாள்தான் ருசி. இரவு முழுதும் சட்டியில் கிடந்து, புளியும் உப்பும் சதைக்குள் இறங்கி, காலையில் பழைய சோற்றோடு சேரும்போதுதான் கருவாட்டுக் குழம்பு தன் உச்சத்தை எட்டுகிறது. முப்பது ஆண்டு பொறுத்திருந்த பூஏரோ வெந்நீர் பட்டபின் ஒரு ராத்திரியைத் தாங்காது. முந்தின நாள் தேநீரைச் சீன வீடுகளில் குடிக்காமல் கொட்டிவிடுகிறார்கள்.