சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருந்தால் பைலட் ஆக முடியாதா? ஃபீஸ் கட்டும் முன் இதைப் படிங்க!

'பைலட் ஆகணும்'னு சொன்னா, வீட்டில் கேட்கும் முதல் கேள்வி 'எவ்வளவு செலவாகும்?' என்பதுதான். ஆனால், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருப்பவர்கள் அதற்கு முன்பே இன்னொரு கேள்விக்குப் பதில் தேடணும். 8,000 அடி உயரத்தில் உங்கள் நுரையீரல் எப்படி நடந்துகொள்ளும்?

இந்த நோயோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் அதிகம் இருக்கும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்குள்ள விதிகளை வைத்தே பார்ப்போம்.

அது என்ன நோய்?

இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, பரம்பரை நோய். சி.எஃப்.டி.ஆர் என்ற மரபணு, அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால்தான் இது வரும். பெற்றோருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல்கூட இருக்கலாம். நுரையீரலில் சளி கெட்டியாகத் தேங்கும், அடிக்கடி தொற்று வரும். கணையம் பாதிக்கப்படும். வியர்வையில் உப்பு அதிகமாக வெளியேறும்.

1950-களில் இந்த நோயோடு பிறந்த குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதை எட்டுவதே அரிது. இன்று அமெரிக்காவில் இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பெரியவர்கள். 2019-ல் அங்கு அனுமதி பெற்ற 'ட்ரிகாஃப்டா' மாத்திரை பலருடைய மூச்சுத்திறனை நன்றாகவே உயர்த்தியது. ஆனா, எல்லா வகை மரபணுக் கோளாறுக்கும் அது வேலை செய்யாது. விலையும் ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல்!

வானத்தில் என்ன சிக்கல்?

பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், அதிகபட்சம் 8,000 அடி மலை மேல் நிற்பது போல இருக்கும். தரையில் 21 சதவிகித ஆக்சிஜனைச் சுவாசிக்கிறோம். அந்த உயரத்தில் கிடைப்பது, தரையில் 15 சதவிகிதத்தைச் சுவாசிப்பதற்குச் சமம். ஆரோக்கியமானவர்கள் சமாளித்துவிடுவார்கள். நுரையீரல் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் சட்டெனக் குறையலாம். முடிவெடுக்கும் திறன் பாதிக்கப்படலாம்.

இன்னொன்று, உயரே போகப் போகக் காற்று விரியும். சளிக்குப் பின்னால் சிக்கிய காற்றும் விரியும். நுரையீரலில் ஓட்டை விழுந்து அது சுருங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 போன்ற சின்ன விமானங்களில் காற்றழுத்தக் கட்டுப்பாடே கிடையாது. எவ்வளவு உயரம் பறக்கிறீர்களோ, அவ்வளவு உயரத்தின் காற்றுதான் உங்களுக்கு.

அதனால், 15 சதவிகித ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்துப் பார்க்கும் 'ஹைபாக்சியா சேலஞ்ச் டெஸ்ட்' பற்றி உங்கள் நுரையீரல் டாக்டரிடம் கேளுங்கள். தரையில் உட்கார்ந்தபடியே வானத்துக்கான பதில் கிடைத்துவிடும்.

நோயின் பெயரா, நுரையீரலின் நிலையா?

அமெரிக்காவின் விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ, மூன்று வகை மெடிக்கல் சான்றிதழ் தருகிறது. ஏர்லைன் கேப்டனுக்கு கிளாஸ் 1, மற்ற கமர்ஷியல் வேலைகளுக்கு கிளாஸ் 2, சொந்தமாகப் பறக்க கிளாஸ் 3. வழக்கமான தகுதிக்குள் வராதவர்களுக்கு 'ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ்' என்ற வழி இருக்கிறது. மூச்சுத்திறன் ரிப்போர்ட், மருத்துவமனையில் சேர்ந்த விவரம், மருந்துகள், சர்க்கரை அளவு எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனியாக முடிவெடுப்பார்கள். கிடைத்தாலும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். நிலை மாறினால் அனுமதியும் போகும்.

அவசரப்பட்டு அப்ளை பண்ணாதீங்க!

பலர் சறுக்கும் இடம் இதுதான். அமெரிக்காவில் சிறிய 'ஸ்போர்ட்' விமானங்களை டிரைவிங் லைசென்ஸை வைத்தே ஓட்டலாம், மெடிக்கல் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், நீங்கள் கடைசியாக விண்ணப்பித்த மெடிக்கல் நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும். அதனால் ஃபார்மை நிரப்பும் முன், விமானத்துறை டாக்டரிடம் ஆலோசனை மட்டும் கேளுங்கள். ரிப்போர்ட்டுகள் கையில் சேர்ந்த பிறகு விண்ணப்பியுங்கள். என்ஜின் இல்லாத கிளைடரில் பறக்க மெடிக்கலே வேண்டாம். ஆனாலும், உங்கள் டாக்டர் 'சரி' சொன்ன பிறகே ஏறுங்கள்.

மறைத்தால்?

எஃப்.ஏ.ஏ ஃபார்மில் பொய் சொன்னால் 5 ஆண்டுகள் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதைவிட முக்கியம், நடுவானில் உங்களுக்கு மயக்கம் வந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் நிலை.

நம்ம ஊர்ல படிக்கிறீங்களா?

இந்தியாவில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், டி.ஜி.சி.ஏ-வின் கிளாஸ் 1 மெடிக்கலும் கட்டாயம். பயிற்சிக்குப் பல லட்சம் ஆகும். 'முதல்ல சேர்ந்துடலாம், மெடிக்கல் அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பேச்சே வேண்டாம். வீட்டை அடமானம் வைக்கும் முன் மெடிக்கலை முடியுங்கள்.

கதவு மூடியே இருக்குமா?

இன்சுலின் போடுபவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு காலத்தில் காக்பிட் மூடித்தான் இருந்தது. 1996-ல் சொந்தமாகப் பறப்பவர்களுக்குத் திறந்தார்கள். 2019-ல் ஏர்லைன் பைலட்களுக்கும் வழி அறிவித்தார்கள். சர்க்கரையைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகள் வந்ததுதான் காரணம். சிகிச்சை முன்னேறினால் விதியும் நகரும்.

அதனால் இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ரெண்டே விஷயம். நெபுலைசர், பிசியோதெரபி, மாத்திரை எதையும் ஒருநாள்கூட விடாதீர்கள். ஒவ்வொரு மூச்சுத்திறன் ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக எடுத்து வையுங்கள். நாளைக்கு உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஃபைல்தான்!