பி. யு. சின்னப்பா

புதுக்கோட்டை உலகநாதபிள்ளை சின்னப்பா (5 மே 1916 – 23 செப்டம்பர் 1951) பாய்ஸ் கம்பெனியில் பிள்ளை நடிகராகப் பேரெடுத்தவர். குரல் உடைந்ததால் அந்த வாழ்க்கையை இழந்து, பின்னர் 1940களில் தமிழ்த் திரையின் முதல்வரிசைக் கதாநாயகராகத் திரும்பி வந்தார். பாடவும் கத்தி சுழற்றவும் ஒருசேரத் தெரிந்த நடிகர் அந்தத் தலைமுறையில் அவரைப்போல் இன்னொருவர் இல்லை.

தந்தை உலகநாதபிள்ளையும் நாடக நடிகர்தான். சின்னப்பா சிறுவயதிலேயே அரிதாரம் பூசிக்கொண்டார். முதலில் சேர்ந்தது டி. கே. எஸ். சகோதரர்கள் இருந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அங்கே சில்லறை வேடங்களே கிடைத்தன. சச்சிதானந்தம் பிள்ளை நடத்திய மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு மாறிய பிறகுதான் குரலுக்கு மரியாதை கிடைத்தது. 'பாதுகா பட்டாபிஷேகம்' நாடகத்தில் பரதனாகப் பாடி ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயக நடிகராக, உயர்ந்தார். பின்னாளில் முதலமைச்சரான எம். ஜி. ராமச்சந்திரன் அதே கம்பெனியில் சிறு வேடங்களில் நின்ற பையன்களில் ஒருவர்.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்பது இன்று பலருக்குத் தெரியாது. வளர்ந்த நடிகர்களைக் கட்டி மேய்த்துச் சலித்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பையன்களை வைத்துத் தத்துவ மீனலோசனி சபையைத் தொடங்கினார். பையன்கள் சொன்னபடி கேட்பார்கள், சம்பளமும் குறைவு. அவர்கள் கம்பெனி வீட்டிலேயே தூங்கி எழுந்து, வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஊர் ஊராகப் போனார்கள். பெண் வேடமான ஸ்திரீபார்ட்டும் அவர்களே, பபூனும் அவர்களே. ஒருவன் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவன் அன்றிரவே அந்த வேடத்தில் ஏற வேண்டும். ஆகவே தன் பாடத்தோடு அடுத்தவன் பாடமும் நெட்டுருவாக இருக்க வேண்டும். இந்தப் பழக்கம் சின்னப்பாவின் சினிமாவில் எப்படிப் பலித்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால் நாலு கட்டை, ஐந்து கட்டைச் சுருதிக்குக் குறையாமல் பாடியாக வேண்டும். பதினைந்து பதினாறு வயதில் குரல் உடையும்போது அது முடிகிற காரியமல்ல. நாடகக்காரர்கள் இதை 'மகரக்கட்டு' என்பார்கள். மகரக்கட்டு வந்த ராஜபார்ட் ஒரே மாதத்தில் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவான். சின்னப்பாவையும் அது விடவில்லை. கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார்.

அவருடைய வாழ்க்கையில் முக்கியமான காலம் அந்த வேலையில்லாக் காலம் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். பாட்டை முறையாகக் கற்கத் தொடங்கினார். கூடவே சிலம்பம், குஸ்தி, பளு தூக்குதல் என்று உடம்பைக் கவனித்தார். குரல் தேறியதும், இரவுக்கிரவு நடிகர்களை அமர்த்தும் ஸ்பெஷல் நாடகங்களில் பாடப் போனார். 1936இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவலை வைத்து எடுத்த 'சந்திரகாந்தா'வில் சுண்டூர் இளவரசனாகத் திரைக்கு வந்தார். அதன்பின் வந்த 'பஞ்சாப் கேசரி', 'யயாதி', 'மாத்ருபூமி' போன்ற படங்கள் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. சிறிது காலம் வாய்ப்பே இல்லை.

சேலத்தில், ஏற்காடு மலைக்குப் போகும் வழியில், டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு மட்டும். சின்னப்பாவுக்கு மறுபிறவி அங்கேதான். சுந்தரம் இயக்கிய 'உத்தமபுத்திரன்' (1940) தமிழின் முதல் இரட்டை வேடப் படம். இரும்பு முகமூடிக்குள் அடைபட்ட இளவரசனின் பிரெஞ்சுக் கதையைத் தழுவியது. கெட்ட அரசனும் நல்ல சகோதரனும் ஒரே முகத்தில். அடுத்தவன் பாடத்தையும் சேர்த்துப் படித்த பையனுக்கு இது புதிதாகவா இருந்திருக்கும்?

பிறகு தட்டுத்தடங்கல் இல்லை. 'ஆர்யமாலா' (1941), கண்ணாம்பாவுடன் கோவலனாக நடித்த 'கண்ணகி' (1942), சுந்தரம் பிள்ளையின் நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவந்த 'மனோன்மணி' (1942) என வரிசையாக வந்தன. 'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தின் ஒரு பாட்டுக் காட்சியில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஐந்து சின்னப்பாக்கள் ஒரே மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். கேமராவைத் தவிர வேறு வித்தை இல்லாத காலத்துக் காட்சி அது. 'மங்கையர்க்கரசி'யில் (1949) மூன்று வேடம்.

எம். கே. தியாகராஜ பாகவதரோடு அவரை ஒப்பிட்டு ரசிகர்கள் கட்சி கட்டினார்கள். பாகவதரும் சிறுவயதில் மேடையேறியவர்தான்: திருச்சியில் அரிச்சந்திரன் நாடகத்து லோகிதாசன். பாட்டில் பாகவதர் ஒரு படி மேல். நடிப்பிலும் சண்டையிலும் சின்னப்பாவே. பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 முதல் 1947 வரை சிறையிலிருந்தபோது போட்டி தானாகவே ஓய்ந்தது.

'பிருதிவிராஜன்' படத்தில் உடன் நடித்த ஏ. சகுந்தலாவை 1944இல் மணந்தார். சம்பாதித்ததைப் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். இனி ஒரு வீடுகூட இவருக்கு விற்கக் கூடாதென்று சமஸ்தானமே உத்தரவு போட்டதாக அந்த ஊரில் இன்றும் கதை உண்டு.

1951 செப்டம்பரில் ஊர்க் கொட்டகையில் 'மணமகள்' படம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர் ரத்த வாந்தி எடுத்து இறந்தார். வயது 35. மண்பாண்டம் செய்யும் பக்தராக அவர் நடித்து முடித்திருந்த 'சுதர்ஸன்' நவம்பரில் திரைக்கு வந்தது.